நாலு இல்லாத எண்கள்

ஜனவரி 6, திங்கள்

கை வலிக்கிறது. இன்று மட்டும் முந்நூறு அட்டைகளுக்கு மேல் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'இந்தப் பதிப்பு இரண்டாயிரம் மட்டுமே, இனி அச்சிடப்படாது' என்று ஒவ்வொரு அட்டையிலும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே எண். அதற்கும் கீழே அபர்ணா மெய்யப்பன் என்று என் கையெழுத்து. அட்டை பெட்டிக்குள் போகும், அதே எண் பெட்டியின் முதுகிலும் ஒட்டப்படும், பிறகு பிளாஸ்டிக் உறை. ஒரு வீடியோ கேமுக்கு இத்தனை சடங்கு.

இம்முறை 'தவளை மாளிகை'. பினாங்கில் ஒரு கணவனும் மனைவியும் செய்த கேம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் கையில் பிடிக்கப் பெட்டியும் கேம் கார்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு எங்களை விட்டால் ஆள் இல்லை. தொழிற்சாலை குறைந்தபட்சம் இத்தனை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதற்குக் குறைந்தால் அச்சடிக்க மாட்டார்கள். கம்பெனியை நடத்தும் என் கூடப்பிறந்த அண்ணன் அந்தக் குறைந்தபட்சத்துக்குமேல் ஒன்றுகூடப் போடமாட்டார். "பசியோட எழுந்திரிக்க வெக்கணும், அப்பத்தான் அடுத்த பந்திக்கு வருவான்" என்பது தியாகராஜன் அண்ணனின் வணிகத் தத்துவம்.

பெர்மாஸ் ஜெயாவில் இருவருக்கும் ஒரே வீடு, செனாயில் சரக்கு வைக்க ஒரே ஸ்டோர், நடுவில் ஒரே கார். காலையில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே போகிறேன், மாலையில் அதையே கேட்டுக்கொண்டு வருகிறேன். இந்த வருடம் முதல் ஜொகூரில் வெள்ளி சனிக்குப் பதில் சனி ஞாயிறு விடுமுறை ஆகிவிட்டது. அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நேற்றும் போனோம்.

ஜனவரி 9, வியாழன்

நண்பன் விக்னேஷ், வேலைக்கு வருகிறாயா என்று மறுபடியும் கேட்டான். சிங்கப்பூரில் அவன் வேலை செய்யும் கேம் கம்பெனியில் இடம் இருக்கிறதாம், ஏப்ரல் வரைக்கும் வைத்திருப்பார்களாம். இந்த ஒரு வெளியீடு முடியட்டும் என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, இது அண்ணன் வாயிலிருந்து வரும் வாக்கியம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்கும் ஸ்டோர். வீட்டில் ஆத்தா பால் பொங்க வைத்தவுடன் கிளம்பிவிட்டோம்.

காளிதாஸ் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர், காஹாங்கிலிருந்து வந்து செனாயில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். எண்ணில் எங்காவது நாலு இருந்தால் அந்தப் பெட்டி பின் அடுக்குக்குப் போகும். மற்றவை முன்னால் நிற்கும். இது எங்கள் முதல் வெளியீட்டிலேயே வந்த பழக்கம். நாலு என்றால் சீனர்களுக்குச் சாவு என்று கேட்கும். லிப்டிலேயே மூன்றுக்கு அடுத்து மூன்று ஏ தான். நாலு உள்ள பெட்டி கிடைத்தவர்களில் பாதிப் பேர் மாற்றிக் கேட்டார்கள், சிலர் வாயே திறக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அதனால் அனுப்புவதே இல்லை என்றாகிவிட்டது. ஆர்டரில் பெயரை வைத்து யார் சீனர், யார் இல்லை என்று பிரிக்க நேரம் இல்லை. ஆகவே யாருக்கும் நாலு கிடையாது.

ஆத்தாவுக்கு எட்டு ஆகாது, சனி எண் என்பாள். சீனர்களுக்கோ எட்டுதான் உயிர். வாங்குகிறவர் சாத்திரம்தான் எங்கள் கம்பெனியின் சாத்திரம்.

பின் அடுக்கு கூரையைத் தொடுகிறது. ஐந்நூறுக்கு மேல் இருக்கும். என்ன செய்வது என்று அண்ணனைக் கேட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். 

ஜனவரி 17, வெள்ளி

வெளியீடு. பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

'இரண்டாயிரமும் விற்றுத் தீர்ந்தன, நன்றி' என்று எங்கள் பக்கத்தில் எழுதவேண்டியது என் வேலை. என் படத்தோடுதான் வரும். எனக்கு எதிரே பின் அடுக்கு. எழுதினேன். ஆயிரத்துச் சொச்சம் பேர் இதயம் போட்டார்கள். கிடைக்காதவர்கள் அழுதார்கள். ஒருத்தி, அடுத்த முறையாவது எங்களைப் போன்றவர்களுக்குச் சேர்த்துப் போடுங்கள் அபர்ணா என்று எழுதியிருந்தாள்.

சேர்த்துப் போட வேண்டாம் தாயே. இருப்பதை எடுத்துக் கொடுத்தாலே போதும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து முதல் தொலைபேசி. குளுவாங்கிலிருந்து ஹேமநாதன் என்று ஒருவர், மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாம். நான் தமிழ் என்று தெரிந்ததும் குரலே இளகிவிட்டது. அவருக்கு ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. அதைத் திருப்பித் தந்துவிட்டு 1404 வாங்க முடியுமா என்று கேட்டார். மகள் பிறந்தது ஏப்ரல் பதினாலு. பள்ளி விடுமுறை முழுக்க அப்பனும் மகளும் சேர்ந்து அந்தக் கேமை ஆடி முடித்தார்களாம். தவளைச் சமையல்காரன் வரும் இடத்தில் அவள் இன்னும் சிரிக்கிறாளாம்.

1404 எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தட்டு, இடது பக்கம்.

"அது வித்துப் போச்சு சார்" என்றேன்.

"பரவால்ல மிஸ். யாரு வாங்குனாங்கன்னு மட்டும் சொல்ல முடியுமா? நானே கேட்டுப் பாக்குறேன்."

வாடிக்கையாளர் விவரம் தரக்கூடாது என்று சொன்னேன். சட்டமெல்லாம் பேசினேன். பொய்யைத் தமிழில் சொன்னால் நாக்கு கூசுகிறது. ஆங்கிலத்தில் இத்தனை நாள் கூசவில்லையே, அது ஏன்?

பிப்ரவரி 5, புதன்

காரில் அண்ணனிடம் கேட்டேன், ஒரே ஒரு பெட்டி, 1404. முடியாது என்றார். கோபமே இல்லாமல், சிக்னலில் நிறுத்தி, என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

பின் அடுக்குக்கு வழி கண்டுபிடித்துவிட்டாராம். உறையைப் பிரிப்பது, பழைய அட்டையைக் கிழித்துப் போடுவது, மேலட்டையின் நிறத்தை மாற்றி 'ஐரோப்பியப் பதிப்பு' என்று புதிய எண்களோடு விற்பது. இப்போது வெளியே கைமாறும் கூடுதல் விலைக்கே விற்கலாம். நாலு உள்ள ஒரு பெட்டி இப்போது வெளியே போனால், மற்றவை எங்கே என்று யாராவது கேட்பார்களாம்.

இது பொய் இல்லையா என்றேன்.

"நாம சொன்னது ரெண்டாயிரம். அச்சடிச்சது ரெண்டாயிரம். ஒன்னு கூடுதலும் இல்ல, ஒன்னு குறைச்சலும் இல்ல. எங்கம்மா பொய்?"

விற்காததை விற்றதாகச் சொன்னோமே, அது பொய். இனி வராது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு சட்டை மாட்டி அனுப்பப் போகிறோமே, அது பொய். அந்தக் கையெழுத்து என்னுடையது. இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். காரில் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் எனக்குப் பிடிக்கும் என்று நெய்த் தோசை தாப்பாவ் பொட்டலம் கட்டி வாங்கி வந்து மேசையில் வைத்தார். கத்துகிற அண்ணனாக இருந்தால் எப்போதோ போயிருப்பேன்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

முருகன் கோயில் வரிசையில் ஆத்தாவிடம் மெல்லச் சொன்னேன், சிங்கப்பூர் வேலை ஒன்று வருகிறது என்று. ஆத்தா கண்ணாத்தாளுக்குக் காது மந்தம், வேண்டாததற்கு மட்டும். மூன்றாம் முறை சொன்ன பிறகு, "அப்பச்சி போனப்புறம் ஒங்கண்ணன்தானே அப்பனா நின்னு ஒன்னப் படிக்க வெச்சான்" என்றாள். அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

பிப்ரவரி 26, புதன்

ஹேமநாதன் சேகரிப்பாளர்களின் பேஸ்புக் குழுவில் எழுதியிருக்கிறார். '1404 யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள், மகளின் பிறந்தநாள் எண், என் 0731ஐயும் மேலே கொஞ்சம் பணத்தையும் தருகிறேன்.' மகள் தவளைத் தொப்பி போட்ட படம் வேறு.

நல்லவர்கள் நிறையப் பேர் உதவ வந்துவிட்டார்கள். என்னிடம் 1399, கிட்டத்தட்டப் பக்கத்து எண், ஆனால் அது இல்லை. என்னிடம் 1500, மன்னிக்கவும். இப்படியே போகிறது. ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியின் முதுகைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து பஹாட்டில் ஒருவர் கேட்ட ஒரே கேள்விதான்: நாலு உள்ள எண் எதையாவது யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?

இருநூறு படங்கள் வந்திருக்கின்றன. ஒன்றிலும் நாலு இல்லை. முந்தைய வெளியீடுகளையும் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கத்துக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அபர்ணா, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டவர். அபர்ணா, நீங்களே சொல்லுங்கள். யாரும் கம்பெனியைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வாயைத் திறக்க வேண்டாம், ரெண்டு வாரத்தில் வேறு எதையாவது பிடித்துக்கொள்வார்கள் என்றார் அண்ணன். ஐரோப்பியப் பதிப்பை மட்டும் சீக்கிரம் முடிக்க வேண்டுமாம்.

மார்ச் 12, புதன்

புதிய அட்டைகள் வந்தன. கட்டு கட்டாக என் மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முதல் முறையாகச் சொன்னேன்.

அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வைத்தார். என் கையெழுத்து. 'ணா'வின் வால்கூட அப்படியே இருந்தது.

"உனக்குக் கை வலிக்குமேன்னுதான் போன வருஷமே செஞ்சு வெச்சேன்" என்றார்.

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கலை. நான் போட்டாலும் போடாட்டாலும் எம்பேரு போயிட்டே இருக்கும். அப்ப நான் எதுக்கு? நான் செத்தாக்கூட அபர்ணா மெய்யப்பன் அட்டையில கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருப்பா போல.

கிளம்பும்போது காளிதாஸ் சொன்னார், "நாளைக்கு மத்தியானம் உறையெல்லாம் பிரிக்கச் சொல்லிட்டாரு மிஸ். பழைய அட்டைய எரிக்கணுமாம்."

மார்ச் 13, வியாழன்

செய்துவிட்டேன்.

அண்ணன் வங்கிக்குப் போயிருந்தார். பின் அடுக்கின் முன் நின்று ஒரு படம் எடுத்தேன். பெண்கள் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு என் சொந்தப் பெயரில் அந்தக் குழுவில் எழுதினேன். நாலு உள்ள எண்கள் விற்கவே இல்லை. எல்லாம் செனாயில் இருக்கின்றன. நாலு சாவைக் குறிக்கும் என்றுதான் ஒதுக்கினோம். விற்றுத் தீர்ந்தன என்று எழுதியது நான். 1404 கேட்ட அப்பாவிடம் இல்லை என்று சொன்னதும் நான். இன்று இவற்றுக்கு வேறு எண் போடப் போகிறார்கள். என்னை மன்னிக்க வேண்டாம், நம்பாமல் இருந்தால் போதும்.

கடைசி வரியை இரண்டு முறை அழித்து மூன்றாம் முறை அப்படியே விட்டேன்.

1404ஐ மட்டும் பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று அந்தத் தட்டுக்கு எதிரே நின்றேன். எடுக்கவில்லை. ஒன்றை எடுத்து ஒளித்தால் எனக்கும் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி ஹேமநாதனே நேராகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைக்கும்போது பெருமையாக இருந்ததையும் எழுதி வைக்க வேண்டும்.

விக்னேஷுக்கு 'வருகிறேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பினேன்.

மார்ச் 14, வெள்ளி

காரில் அண்ணன் பேசவில்லை. போகும்போதும் வரும்போதும். ஆத்தா சாப்பாடு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி மட்டும், ஏன் இப்படி என்று கண்ணாலேயே கேட்டாள்.

துரத்திவிடுவார். நாளையோ மறுநாளோ. சட்டை துணிமணிகளை ஒரு பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

துரத்தவில்லை.

குழுவில் முதல் இரண்டு நாள் திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். திருடி, ஏமாற்றுக்காரி. வலித்தாலும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார்கள் என்று இருந்தது. நேற்றிலிருந்து காற்று திரும்பியிருக்கிறது. இந்தத் தொழிலில் உண்மை பேசிய முதல் ஆள் என்று ஒருவர் எழுதுகிறார். அதன் கீழே இன்னொருவர்: சரி, அந்த நாலுகளை எப்போது விற்பீர்கள்? அதன் கீழே ஐம்பது பேர் அதையே கேட்கிறார்கள்.

நாலு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களும் கேட்கிறார்கள். மூவாரிலிருந்து ஒரு சீனர் 444 தனக்குத்தான் வேண்டும் என்று எழுதி, சிரிக்கும் முகங்கள் போட்டிருக்கிறார். யாருமே பார்க்காத எண் என்றானதும் சாவும் பரவாயில்லை.

மாலையில் அண்ணன் முதல் முறையாகப் பேசினார். ஏசியைக் குறைக்கவா என்று கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

'பின் அடுக்குப் பதிப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். புதிய அட்டைகள் குப்பைக்குப் போயின. பழைய அட்டை, பழைய எண், பழைய உறை, எதையும் தொடவில்லை. விளம்பரத்தில் நான் எடுத்த படம். அதன் கீழே நான் எழுதிய வரிகள், 'நம்பாமல் இருந்தால் போதும்' வரை. கேட்கவே இல்லை.

விலை முன்பைவிட மும்மடங்கு. நாலு நிமிடத்தில் தீர்ந்தது. அதற்கும் கைதட்டுகிறார்கள், நாலு எண் பெட்டிகளுக்கு நாலு நிமிடம் என்று.

1404ஐ எடுத்து வையுங்கள், அவருக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன் என்று முந்தாநாளே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினார். தலையாட்டினாரே. இன்று பார்த்தால் அதைத் தனியாக ஏலத்தில் விட்டிருக்கிறார். அதுதானே நான் எழுதிய கதையில் வருகிற எண்.

மார்ச் 24, திங்கள்

ஹேமநாதன் கூப்பிட்டார். ஏலத்தில் கொஞ்ச தூரம் வரைக்கும் போனாராம், பிறகு முடியவில்லையாம். கலிபோர்னியாவில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதலன்னா அது அங்கேயே கெடந்திருக்கும் மிஸ், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னிக்கே ஒரு வார்த்த எங்கிட்ட மட்டும் சொல்லிருக்கலாம்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை, மகளிடம் தொலைந்துபோனதாகச் சொல்லிவிட்டேன் என்றார். தொலைபேசியை வைத்தேன். நோன்பு மாதம், மலாய்ச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருந்தன. ஸ்டோருக்கு வெளியே வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேருக்கு உண்மையைச் சொன்னேன், சொல்ல வேண்டிய ஒருத்தரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

விக்னேஷ். சுற்றி வளைத்துப் பேசினான், பாவம். அவர்கள் கம்பெனியில் மேலிடத்தில் என் பதிவைப் படித்திருக்கிறார்களாம். ரொம்பத் தைரியசாலி என்று பாராட்டினார்களாம். ஆனால் உள்ளே நடப்பதை வெளியே எழுதுகிற ஆளை எடுக்க யோசிக்கிறார்களாம். "கொஞ்ச நாள் போகட்டும் லா" என்றான்.

துணிப்பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். ஆத்தா வந்து மடித்துக் கொடுத்தாள். முகம் தெளிந்திருந்தது.

ஏப்ரல் 14, புத்தாண்டு

வடை பாயசம். அண்ணன் எனக்குப் புதிய கைபேசி வாங்கித் தந்தார். கேமரா நன்றாக இருக்குமாம்.

மே 19, திங்கள்

அடுத்த வெளியீடு ஜூலையில். கார் ஓட்டிக்கொண்டே அண்ணன் திட்டத்தைச் சொன்னார். மூவாயிரம். இம்முறை ஒரு நூறு பெட்டியில் மேலட்டை சற்றே மாறியிருக்கும், யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து யாராவது கவனிப்பார்கள். அவர்களாகக் கவனிக்காவிட்டால் கவனிக்க வைக்கலாம். அப்புறம் அதை ஒப்புக்கொண்டு நான் எழுத வேண்டும்.

"எப்படி எழுதணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அன்னிக்கு மாதிரி மனசுலேருந்து எழுது. நீ எழுதுனாத்தான் நம்புவாங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாட்டேன் என்றால் இழுப்பறையில் ஸ்டாம்ப் இருக்கிறது. எழுத்துக்கும் ஒரு ஸ்டாம்ப் செய்துவிடுவார், அதற்கு இப்போது கணினியே போதும். யாரோ எழுதியது என் பெயரில் போவதற்கு, நானே எழுதிவிடலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே பிடிக்கவில்லை.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். 'உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்' என்று தொடங்கி, முக்கால் பக்கம். அண்ணன் நின்றுகொண்டே படித்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் மன்னிப்புக் கேட்கும் வரி ரொம்பக் கீழே கிடக்கிறது, மேலே கொண்டு வா என்றார்.

அவர் சொன்னது சரிதான். மேலே கொண்டு வந்தேன்.